உருவம் மாறாமல் விரியும் வெப்பம்: தன்னொப்புமைத் தீர்வுகள் குறித்த எளிய அறிமுகம்

வெப்பமும் செறிவும் பரவுவதைப் பற்றிப் பேசும்போது சில கருத்துகள் ஆராயப்படாமலேயே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. எதுவாக இருந்தாலும் அது காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் பரவும் என்பது அவற்றுள் ஒன்று. தன்னொப்புமைத் தீர்வு, அதாவது காலப்போக்கில் அளவு மாறினாலும் உருவம் மாறாத தீர்வு, என்பது கணக்கு எளிதாக முடிவதற்காகக் கணிதவியலாளர்கள் தேர்ந்துகொண்ட ஒரு தனிவகை விடை, நடப்பில் அதற்குப் பெரிய இடமில்லை என்பது மற்றொன்று. தன்னொப்புமை என்றாலே ஃபிராக்டல் படங்கள்தான் என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. முதல் கருத்து பாதி உண்மை. மற்ற இரண்டும் தவறானவை. அவற்றிலும் இரண்டாவது கருத்தால் விளையும் இழப்பு பெரிது என்பது என் எண்ணம். ஏனென்றால், எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் எந்த உருவத்தை நோக்கிப் போவோம் என்பதைச் சொல்லும் தீர்வுகளை அது ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது.

## தட்டில் ஊற்றிய தேன்

சமதளமான ஓர் அகன்ற தட்டின் நடுவில் ஒரு குவளைத் தேனை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். முதலில் மேடாக நிற்கும் தேன் வேகமாகச் சரிந்து விரிகிறது. பிறகு விரிவு மெதுவாகிறது. சற்று நேரத்தில் அது நகர்கிறதா இல்லையா என்றே ஐயம் வரும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. அதன் விளிம்பு எப்போதும் தெளிவாகத் தெரியும்: இதுவரை தேன், இதற்கு அப்பால் வெறும் தட்டு. குறுக்குவெட்டில் பார்த்தால் நடுப்பகுதி ஏறக்குறைய தட்டையாகவும் ஓரம் செங்குத்தாகவும் இருக்கும்.

இப்போது வெவ்வேறு இரு நேரங்களில் அந்தக் குறுக்குவெட்டைப் படம் எடுத்ததாகக் கொள்வோம். முந்தைய படம் உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். பிந்தையது தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். முந்தைய படத்தைக் கிடைமட்டமாகத் தக்க அளவு இழுத்து, செங்குத்தாகத் தக்க அளவு அமுக்கினால், அது பிந்தைய படத்தின்மேல் அப்படியே பொருந்திவிடுகிறது. அளவு மட்டும்தான் மாறியிருக்கிறது, உருவம் மாறவில்லை. இவ்வாறு, ஒரு நேரத்துத் தோற்றத்தை நீட்டியும் அமுக்கியும் வேறெந்த நேரத்துத் தோற்றத்தையும் பெற முடியுமாறு அமைந்த தீர்வே தன்னொப்புமைத் தீர்வு.

ஃபிராக்டல் என்பது ஒரே படத்துக்குள் சிறிய பகுதி பெரிய பகுதியைப் போல இருப்பது. இங்கே ஒப்புமை வெவ்வேறு நேரங்களுக்கு இடையில் இருக்கிறது. தேனின் குறுக்குவெட்டை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதற்குள் குட்டிக் குறுக்குவெட்டுகள் இருக்கப்போவதில்லை.

தேனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மெல்லிய படலமாகத் தன் எடையால் பரவும் பாகுத்தன்மையுள்ள திரவத்துக்கும், மிக உயர்ந்த வெப்பநிலையில் வெப்பம் பரவுவதற்கும் எழுதப்படும் சமன்பாடுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே தேன் இங்கே வெறும் உவமையாக நிற்கவில்லை. அதே கணிதத்தின் கண்ணுக்குத் தெரியும் வடிவமாகவே நிற்கிறது.

## பழைய வெப்பச் சமன்பாடு சொல்வது என்ன

1822-இல் வெளியான தம் நூலில் ஃபூரியே நிறுவிய விதி எளிமையானது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய்கிறது. வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அவ்வளவு வேகமாகப் பாய்கிறது. 1855-இல் அடால்ஃப் ஃபிக் இதே விதியை, ஒரு திரவத்தில் உப்பு போன்ற பொருள் கலந்து பரவுவதற்கும் எழுதினார். இவ்வாறு, செறிந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு ஒன்று தானாகப் பரவுவதை விரவல் என்போம். அது எவ்வளவு எளிதில் நடக்கிறது என்பதைக் காட்டும் எண் விரவல் கெழு.

விரவல் கெழு மாறாத எண்ணாக இருந்தால் அந்தச் சமன்பாடு நேரியல் சமன்பாடு எனப்படும். அதாவது, இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் கிடைப்பதும் ஒரு தீர்வாகவே இருக்கும். இந்த நிலையில் ஒரு நீளத்தைக் கடக்க ஆகும் நேரம், அந்த நீளத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவால் வகுத்தால் கிடைக்கும் அளவை ஒட்டியது. செம்புக்கு அந்தக் கெழு வினாடிக்குச் சுமார் 1.1 சதுர சென்டிமீட்டர். எனவே செம்புக் கம்பியில் 10 செ.மீ. தொலைவுக்கு வெப்பம் உணரத்தக்க அளவில் பரவ ஒன்றரை நிமிடம் போலவும், ஒரு மீட்டருக்கு இரண்டரை மணி நேரம் போலவும் ஆகும். தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகிறது. வர்க்கமூல விதி என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

நேரியல் சமன்பாட்டுக்கும் தன்னொப்புமைத் தீர்வு உண்டு. ஒரு புள்ளியில் இட்ட வெப்பம் மணி வடிவ வளைகோடாக, அதாவது காஸியன் வளைகோடாக, விரிந்துகொண்டே போகும் தீர்வு அது. ஆனால் அதில் உறுத்தலான ஒரு பண்பு இருக்கிறது. வெப்பத்தை இட்ட மறுகணமே, எவ்வளவு தொலைவிலும் வெப்பநிலை மிக மிகச் சிறிதளவாவது உயர்ந்துவிடுகிறது. விளிம்பு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இதுவரை பார்த்தவற்றை இவ்வாறு சொல்லலாம்: கெழு மாறாவிட்டால் வர்க்கமூல விதியும், விளிம்பில்லாத மணி வடிவமும் கிடைக்கின்றன. தட்டில் பரவும் தேனிலோ விளிம்பு தெளிவாக இருக்கிறது. பரவும் வேகமும் வர்க்கமூலம் காட்டுவதைவிட மிக விரைவாகத் தளர்கிறது.

## கெழுவே மாறும்போது

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தேன் படலத்தின் அடிப்பகுதி தட்டோடு ஒட்டி நிற்கிறது. மேல்பகுதிதான் நன்றாக நகர்கிறது. படலம் தடிமனாக இருந்தால் மேல்பகுதி தட்டின் பிடியிலிருந்து விலகி எளிதில் ஓடும். கணக்கிட்டால் சராசரி வேகம், தடிமனின் வர்க்கத்தையும் மேற்பரப்பின் சரிவையும் பெருக்கியதை ஒட்டி அமைகிறது. ஓடும் அளவைப் பெற அதை மீண்டும் ஒருமுறை தடிமனால் பெருக்க வேண்டும். ஆகத் தேனுக்கு விரவல் கெழு தடிமனின் முப்படியை ஒட்டியது. தடிமன் பாதியானால் பரவும் எளிமை எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

இப்படி, பரவும் அளவையே சார்ந்து கெழு மாறும்போது அந்தச் சமன்பாடு நேரியலற்ற விரவல் சமன்பாடு ஆகிறது. இனி இரண்டு தீர்வுகளைக் கூட்டி மூன்றாவதைப் பெற முடியாது. இயற்கையில் இத்தகையவை நிறைய உண்டு. மாறா வெப்பநிலையில் மணலுக்குள் பரவும் வாயுவின் கெழு, அதன் அடர்த்தியின் முதற்படியை ஒட்டியது. நீர்புகாத அடிப்பாறையின்மேல் மேடுகட்டி நிற்கும் நிலத்தடி நீருக்கும் அப்படியே. அங்கே கெழு நீர்மட்டத்தின் உயரத்தை ஒட்டியது. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து முழுவதும் அயனியாகிவிட்ட வாயுவான பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் வெப்பத்தைக் கடத்தும் திறன் வெப்பநிலையின் 5/2 படியாக உயர்கிறது. அதைவிடவும் சூடான பொருளில் ஒளிக்கதிர்களே வெப்பத்தைச் சுமந்து செல்வதால், கெழு வெப்பநிலையோடு இன்னும் கடுமையாக ஏறும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. அளவு சுழியாகும் இடத்தில் கெழுவும் சுழியாகிறது. குளிர்ந்த பகுதி வெப்பத்தை முன்னே விடுவதில்லை. பின்னாலிருந்து வந்து சேரும் வெப்பம் அதைச் சூடாக்கிய பிறகுதான் வழி திறக்கிறது. அதனால்தான் தெளிவான விளிம்பு உருவாகி, அளந்து சொல்லக்கூடிய வேகத்தில் அது முன்னேறுகிறது. வெப்பத்தைப் பொறுத்தவரை இந்த விளிம்போடு நகரும் பரவலை வெப்ப அலை என்று அழைப்பார்கள்.

## இரண்டு கணக்குகளும் ஒரு விடையும்

விளிம்பு எந்த விதிப்படி நகரும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. இரண்டு கணக்குகள் போதும்.

முதல் கணக்கு: மொத்த அளவு மாறுவதில்லை. தட்டில் பரவும் தேனின் கனஅளவு அப்படியே இருப்பதால், உயரத்தையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண்தான் வரும். ஆரம் இரட்டித்தால் உயரம் கால்வாசியாகும்.

இரண்டாவது கணக்கு: கடந்த காலம், நீளத்தின் வர்க்கத்தை அப்போதைய கெழுவால் வகுத்ததை ஒட்டியது. செம்புக் கம்பியில் பயன்படுத்திய அதே கணக்குதான். கெழு இப்போது மாறிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவே.

இரண்டையும் சேர்ப்போம். தேனின் கெழு உயரத்தின் முப்படி. உயரமோ ஆரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். ஆகவே கெழு, ஆரத்தின் ஆறாம் படிக்குத் தலைகீழ். காலம் என்பது ஆரத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தது, அதாவது ஆரத்தின் எட்டாம் படி. மாற்றிச் சொன்னால், ஆரம் காலத்தின் 1/8 படியாக வளர்கிறது. ஆரம் இரட்டிக்க, அதுவரை ஆன காலத்தைப்போல் 256 மடங்கு காலம் வேண்டும். தேன் நகர்கிறதா என்ற ஐயம் எழுவதற்கு இதுவே காரணம். இந்த 1/8 விதியை ஹெர்பர்ட் ஹப்பர்ட் 1982-இல் கோட்பாட்டாலும் சோதனையாலும் நிறுவினார். அதே ஆண்டில் அவரும் உடன் ஆய்வாளர்களும், கரீபியத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் சூஃப்ரியேர் எரிமலையில் 1979-இல் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு குவிமாடமாக வளர்ந்ததை ஆராயவும் இத்தகைய கணக்கையே பயன்படுத்தினர். அங்கே குழம்பு தொடர்ந்து ஊறி வந்துகொண்டிருந்ததால் முதல் கணக்கு மட்டும் மாறுகிறது.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். நீண்ட கால்வாய் போல ஒரே திசையில் மேடுகட்டிய நிலத்தடி நீர் விரியும் அகலம் காலத்தின் 1/3 படி. வட்ட மேடாக இருந்தால் 1/4 படி. ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் கதிர்வீச்சு வெப்பத்துக்குக் கெழு வெப்பநிலையின் ஐந்தாம் படி என்று கொண்டால், வெப்பநிலை ஆரத்தின் முப்படிக்குத் தலைகீழாக இருப்பதால், ஆரம் காலத்தின் 1/17 படி. தொடக்கத்தில் பாய்ந்து செல்லும் இந்த வெப்ப அலை, ஆரம் இரட்டிக்க 1,31,072 மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. வலிமையான வெடிப்பில் உண்டாகும் அதிர்ச்சி அலையின் ஆரமோ காலத்தின் 2/5 படியாக வளர்கிறது. அணுவெடிப்பின் தீக்கோளத்தில் முதலில் வெப்ப அலை முன்னே ஓடுவதும், பிறகு அதிர்ச்சி அலை அதை முந்துவதும் இந்த இரு படிகளின் வேறுபாட்டால்தான்.

சுருங்கச் சொன்னால், மொத்தம் மாறாமை ஒரு கணக்கு. காலத்துக்கும் நீளத்துக்கும் கெழுவுக்கும் உள்ள உறவு மற்றொரு கணக்கு. கெழு மாறாவிட்டால் இரண்டாவது கணக்கு மட்டுமே வர்க்கமூல விதியைத் தந்துவிடும். கெழு மாறினால், இரண்டும் சேர்ந்தே படியை முடிவு செய்கின்றன.

## உருவம் ஏன் குலைவதில்லை

எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். படி என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் உருவம் குலையாமல் இருப்பது எப்படி?

மணலுக்குள் ஒரே திசையில் பரவும் வாயுவை எடுத்துக்கொள்வோம். அங்கே வாயு நகரும் வேகம் அடர்த்தியின் சரிவை ஒட்டியது. அடர்த்தியின் வளைகோடு ஒரு கவிழ்த்த பரவளையமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவளையத்தின் சரிவு, நடுவில் சுழியாகத் தொடங்கி, நடுவிலிருந்து விலகும் தொலைவுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. ஆகவே வேகமும் தொலைவுக்கு நேர்விகிதம். நடுவிலிருந்து இரு மடங்கு தொலைவில் உள்ள துகள் இரு மடங்கு வேகத்தில் விலகுகிறது. மூன்று மடங்கு தொலைவில் உள்ளது மூன்று மடங்கு வேகத்தில் விலகுகிறது. எல்லாத் தொலைவுகளும் ஒரே விகிதத்தில் நீளுகின்றன. அப்படி நீண்ட பரவளையம் மீண்டும் பரவளையமாகத்தானே இருக்க முடியும்? உருவம் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது.

தேனில் வேகம், தடிமனின் முப்படியினுடைய சரிவை ஒட்டியது. எனவே அங்கே பரவளையமாக அமைவது தடிமனின் முப்படி. தடிமன் அதன் கனமூலம். ஒரு பரவளையத்தின் கனமூலத்தை வரைந்து பாருங்கள்: நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் செங்குத்தாகவும் இருக்கும். தட்டில் கண்ட அதே குறுக்குவெட்டு! நேரியல் சமன்பாட்டில் வேகம் வெப்பநிலையின் மடக்கையினுடைய சரிவை ஒட்டியது. காஸியன் வளைகோட்டின் மடக்கையும் பரவளையமே. வெளித்தோற்றத்தில் வேறுபட்டுத் தெரியும் மணி வடிவமும் தேனின் தட்டை வடிவமும் உள்ளே ஒரே காரணத்தால் நிலைக்கின்றன.

தன்னொப்புமையைத் தேடுவதில் வேலை பாதியாகக் குறைவதும் இங்கேதான். இடம், காலம் என்று இரண்டு மாறிகள் இருந்த இடத்தில், இடத்தைக் காலத்தின் தக்க படியால் வகுத்து வரும் ஒரே மாறி போதும். கெழு செறிவைச் சார்ந்து மாறும் விரவலுக்கு இந்த வழியை 1894-இலேயே போல்ட்ஸ்மான் காட்டினார். மேலே விவரித்த விளிம்புள்ள தீர்வை 1950-இல் சோவியத் நாட்டின் செல்டோவிச்சும் கொம்பனேயெட்ஸும் வெப்ப அலைக்காகவும், 1952-இல் பேரன்பிளாட் மணல் போன்ற நுண்துளைப் பொருளில் வாயுவின் பரவலுக்காகவும் கண்டனர். 1959-இல் பாட்டில் என்பவரும் இதை வெளியிட்டார். இன்று இது பெரும்பாலும் பேரன்பிளாட் தீர்வு என்ற பெயரிலேயே வழங்குகிறது.

## தொடக்கத்தை மறத்தல்

தேனை வட்டமாக ஊற்றாமல் நீள்வட்டமாகவோ, இரண்டு குவியல்களாகவோ ஊற்றினால் என்ன ஆகும்? தொடக்கத்தில் உருவம் நிச்சயமாக வேறாக இருக்கும். ஆனால் குவியல்கள் விரிந்து ஒன்றோடொன்று கலந்து, பரப்பு தொடக்க அகலத்தைவிடப் பலமடங்கு பெரிதான பிறகு, அந்தத் தொடக்க அகலம் எவ்வளவு என்பது ஒரு பொருட்டாக இருப்பதில்லை. நினைவில் எஞ்சுவது மொத்த அளவு ஒன்றுதான். மொத்தத்தை மட்டும் வைத்து அமைக்கக்கூடிய உருவமோ தன்னொப்புமைத் தீர்வு ஒன்றே. இதை வெறும் நம்பிக்கை என்று எண்ண வேண்டாம்: பேரன்பிளாட் தீர்வை நோக்கி மற்றத் தீர்வுகள் செல்கின்றன என்பதை ஒரு பரிமாணத்தில் காமின் 1973-இலும், பல பரிமாணங்களில் ஃப்ரீட்மனும் காமினும் 1980-இலும் கணித முறைப்படி நிறுவினர்.

ஆகவே தன்னொப்புமைத் தீர்வைத் தனிவகைத் தொடக்கத்துக்கான விடை என்பது பொருந்தாது. எல்லாத் தொடக்கங்களும் வந்து சேரும் பொது இடம் அது. பேரன்பிளாட் இதை இடைக்கால நடத்தை என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார். தொடக்க விவரங்கள் மறைந்துவிட்ட, ஆனால் எல்லைச் சுவர்களோ வேறு விசைகளோ இன்னும் தலையிடாத காலப்பகுதியில் நிலவும் ஒழுங்கையே அது குறிக்கிறது. தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்ட தேனுக்கும், மிக மெல்லியதாகிப் பரப்பு இழுவிசையின் பிடியில் வந்துவிட்ட தேனுக்கும் 1/8 விதி பொருந்தாது. சிறு துளிகளில் பரப்பு இழுவிசை மேலோங்கும்போது ஆரம் காலத்தின் 1/10 படியாக வளரும் என்பது தனி விதி.

ஆய்வகத்தில் இதைச் சரிபார்க்கும் வழி எளிது. வெவ்வேறு நேரங்களில் அளந்த வளைகோடுகளை எடுத்து, ஒவ்வொன்றின் கிடைமட்ட அச்சையும் அந்த நேரத்து அகலத்தாலும், செங்குத்து அச்சை அந்த நேரத்து உயரத்தாலும் வகுத்து ஒரே வரைபடத்தில் இட வேண்டும். எந்த நேரத்திலிருந்து அவை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அந்த நேரத்திலிருந்து தொடக்கம் மறக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

## தயங்கி நிற்கும் விளிம்பு

மறதி உடனே நிகழ்வதில்லை என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. விளிம்பின் வேகம் விளிம்பில் உள்ள சரிவால் அமைகிறது என்றோம். தொடக்கத்தில் வாயுவின் அடர்த்தி விளிம்பருகே மிக மெல்ல, விளிம்பிலிருந்து உள்ளே செல்லும் தொலைவின் வர்க்கத்தைப் போல உயர்ந்தால், விளிம்பில் சரிவு சுழி. விளிம்பு அசையாமல் நிற்கும். உள்ளே வாயு இடம்பெயர்ந்து ஓரத்தை நோக்கி அடைந்து, அங்கே போதிய சரிவு உண்டான பிறகே அது புறப்படும். இதைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். நேரியல் சமன்பாட்டில் இப்படி ஒன்றை நினைத்தும் பார்க்க முடியாது.

## கணக்கு பிடிபடாத இடம்

இரண்டு கணக்குகளால் எல்லாப் படிகளையும் கண்டுவிடலாம் என்று இதுவரை படித்தவர் எண்ணினால், அதையும் திருத்தியாக வேண்டும். தட்டில் தேனை வளையமாக ஊற்றி நடுவில் ஒரு வட்டமான வெற்றிடம் விட்டால், தேன் உள்நோக்கிப் பரவி அந்த வெற்றிடத்தை மூடும். மூடும் கணத்துக்குச் சற்று முன்பு வெற்றிடத்தின் அருகே மட்டும் பார்த்தால், அங்கும் உருவம் மாறாமல் சுருங்கும் தன்னொப்புமைத் தீர்வு தெரிகிறது. ஆனால் முதல் கணக்கு அங்கே கைகொடுப்பதில்லை. தட்டில் மொத்தம் எவ்வளவு தேன் என்பது அந்தச் சிறு பகுதிக்குத் தெரியாது. அதற்குள் மாறாமல் நிற்கும் அளவு எதுவும் இல்லை.

இத்தகையவற்றை இரண்டாம் வகைத் தன்னொப்புமை என்று அழைக்கின்றனர். இங்கே படியை முன்கூட்டியே எழுதிவிட முடியாது. ஒரு படியை ஊகித்து, அதற்கான வளைகோட்டை விளிம்பிலிருந்து தொடங்கித் தொலைவுவரை வரைந்து பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரே ஒரு படிக்கு மட்டும்தான் வளைகோடு முரண்படாமல் முழுதாக அமைகிறது; அதுவே விடை. நுண்துளைப் பொருளுக்கான சமன்பாட்டில் இந்தத் தீர்வை ஆரன்சனும் கிராவ்லோவும் 1993-இல் நிறுவினர். தேனுக்கு அந்தப் படி ஏறத்தாழ 0.76 என்று வருகிறது: வெற்றிடத்தின் ஆரம், மூடுவதற்கு மீதமுள்ள காலத்தின் 0.76 படியாகச் சுருங்குகிறது. படி 1-ஐவிடச் சிறியதாக இருப்பதால், வெளிநோக்கிப் பரவும்போது தளர்ந்துகொண்டே போகும் அதே தேனின் விளிம்பு, உள்நோக்கி மூடும்போது கடைசிக் கணம்வரை வேகம் கூடிக்கொண்டே செல்கிறது.